வளரும் கலைஞரா, இளம் கலைஞரா? திறமையைப் பற்றிய தொடர்களைத் தமிழாக்கும் முறை

சிங்கப்பூரில் ஒரு கலை நிகழ்ச்சிக்கான ஆங்கில அறிக்கை கையில் கிடைக்கிறது. ஒரே பக்கத்தில் 'எமர்ஜிங்', 'ப்ராமிசிங்', 'ஹோம்க்ரோன்', 'ரைசிங் ஸ்டார்', 'ஒன் டு வாட்ச்' என்று ஐந்து தொடர்கள். மாலைக்குள் தமிழ் வடிவம் வேண்டும் என்கிறார்கள். பலர் ஐந்துக்கும் 'வளர்ந்துவரும்' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. ஆனால் படிப்பவருக்கு அந்தக் கலைஞரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலோ 'எழும் நட்சத்திரம்', 'வீட்டில் வளர்ந்த திறமை' என்று எந்தத் தமிழரும் பேசாத தமிழ் வந்து நிற்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே வழி உண்டு. ஆங்கிலத் தொடரில் இருக்கும் படத்தை அப்படியே தூக்கிவர வேண்டாம். அந்தத் தொடர் யாரைப் பற்றியது, அவரைப் பற்றி என்ன சொல்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். சொல் பிறகு தானாக வரும்.

முதலில் ஆளைப் பாருங்கள்

மூலத்தைப் படித்தவுடன் ஓரத்தில் மூன்று குறிப்புகள் எழுதுங்கள். ஒன்று, இவருடைய வயது என்ன, எந்தக் கட்டத்தில் இருக்கிறார். இரண்டு, மூலம் பேசுவது அவருடைய திறமையைப் பற்றியா, அவருக்குக் கிடைத்த பெயரைப் பற்றியா. மூன்று, இதைச் சொல்வது யார்: ஏற்பாட்டாளரா, ஆசிரியரா, நடுவரா, தாயா.

அதிகம் தவறுவது முதல் குறிப்பில்தான். 'எமர்ஜிங் ரைட்டர்' என்றதும் கை தானாக 'இளம் எழுத்தாளர்' என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லில் வயது இல்லை, கட்டம்தான் இருக்கிறது. ஐம்பது வயதில் முதல் சிறுகதையை எழுதியவரும் 'எமர்ஜிங்'தான். தேசியக் கலைகள் மன்றம் 1993இல் தொடங்கிய, நான்கு அதிகாரத்துவ மொழிகளுக்குமான தங்கமுனை விருது போன்ற எழுத்துப் போட்டியில் ஓய்வுபெற்றவரும் மாணவரும் அருகருகே நிற்கலாம். அங்கே 'புதிய எழுத்தாளர்', 'எழுதத் தொடங்கியிருப்பவர்', 'வளரும் எழுத்தாளர்' என்பவைதான் பொருந்தும். மாறாக, அதே மன்றத்தின் இளம் கலைஞர் விருது 35 வயது வரை உள்ளவர்களுக்கானது. அங்கே 'இளம்' என்பது அலங்காரம் அன்று, தகுதி விதி. அதை 'வளரும்' என்று மாற்றினால் விருதின் பொருளே மாறிவிடும்.

விருது, அமைப்பு, விழா ஆகியவற்றின் பெயர்களை நீங்களே புதிதாகப் பெயர்க்காதீர்கள். அந்த அமைப்பு தன் தமிழ்ப் பக்கத்தில் எப்படி எழுதுகிறதோ அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 'இளம் கலைஞர்' என்பதைச் சேர்த்து எழுதவும் வேண்டாம். 'இளங்கலைஞர்' என்று எழுதினால் பட்டப்படிப்பைக் குறிக்கும் 'இளங்கலை' கண்ணில் முதலில் படும்.

'டேலண்ட்' என்ற சொல்லும் இரண்டாகப் பிரிகிறது. ஒருவரிடம் இருக்கும் குணம் என்றால் திறமை, திறன், ஆற்றல். ஆளையே குறித்தால் இங்கே 'திறனாளர்' என்ற சொல் வழக்கில் இருக்கிறது. ஆனால் 'வெளிநாட்டுத் திறனாளர்' என்று வேலைவாய்ப்புச் செய்திகளில் கேட்டுப் பழகிய சொல் அது. நடன நிகழ்ச்சிக் குறிப்பில் 'இளம் திறனாளர்கள்' என்று எழுதினால் மனிதவளச் செய்தி போல ஒலிக்கும். ஆடுபவர் என்றால் நடனமணி, பாடுபவர் என்றால் பாடகர் என்று தொழிலையே எழுதிவிடுவது மேல். 'யூத்' என்பதற்கு நம் நாளிதழும் வானொலியும் 'இளையர்' என்கின்றன. தமிழகத்து 'இளைஞர்' பலருக்கு ஆணை மட்டும் நினைவூட்டும். இங்கே வெளிவரும் குறிப்பில் 'இளையர்' என்றே எழுதுங்கள்.

முளை, மொட்டு, பிஞ்சு: பாராட்டா, பழிப்பா?

வளரும் திறமைக்கு ஆங்கிலத்தில் 'படிங்' என்று மொட்டைக் காட்டும் சொல் இருக்கிறது. தமிழில் செடி கொடி உவமைகள் அதைவிட ஏராளம். அந்த வளத்துக்குள்ளேயே பொறியும் இருக்கிறது. ஒரே பயிரின் ஒரு பருவம் பாராட்டு, அடுத்த பருவம் வசை.

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' தூய பாராட்டு. ஆனால் அதற்கு இடம் உண்டு. சின்ன வயதில் தெரிந்த அறிகுறியைச் சுட்டும்போதுதான் அது பொருந்தும். ஆறு வயதில் தாளம் தப்பாமல் கைதட்டிய பிள்ளைக்குச் சொல்லலாம். பிற்காலத்தில் புகழ்பெற்றவரின் பள்ளி நாள்களைத் திரும்பிப் பார்க்கும்போதும் சொல்லலாம். முப்பது வயதில் முதல் நாடகத்தை இயக்கியவருக்குச் சொன்னால், அவரை முளை என்று சொன்னதாகிவிடும்.

அதே முளை 'முளைத்து மூன்று இலை விடவில்லை' என்று வந்தால் கண்டிப்பு. வயதுக்கு மீறிப் பேசுகிறான் என்று பெரியவர்கள் சலித்துக்கொள்ளும் தொடர் அது. 'இப்போதுதான் முளைவிட்டிருக்கும் பாடகர்' என்று நீங்கள் நல்லெண்ணத்தோடு எழுதினாலும் மூத்த வாசகர் காதில் அந்த மூன்று இலை ஒலிக்கக்கூடும். 'துளிர்விடும்', 'அரும்பும்' இரண்டிலும் இந்த ஆபத்து இல்லை.

'ப்ரகோஷியஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி பார்த்து 'பிஞ்சிலே பழுத்த' என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. இது பெரிய தவறு. வயதுக்குத் தகாத விஷயங்களை அறிந்துகொண்ட பிள்ளையைத் திட்டும் சொல் அது. பெற்றோர் பார்வையில் படும் பள்ளி மலரில் அது வந்தால் மன்னிப்புக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கும். 'வயதை மிஞ்சிய தேர்ச்சி', 'சிறு வயதிலேயே கைவரப் பெற்றவர்' என்று எழுதுங்கள்.

'சைல்ட் ப்ராடிஜி'க்கு 'குழந்தை மேதை' நிலைத்துவிட்டது. பன்னிரண்டு வயது வரை அதை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 'குழந்தை' உறுத்தும். 'கருவிலே திருவுடையவர்' என்ற அழகான தொடரும் இருக்கிறது. ஆனால் அது பிறவியிலேயே வந்த பேறு என்கிறது. மூலத்தில் அடுத்த வரியே 'பத்து ஆண்டு கடும் பயிற்சி' என்று இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அப்போது பயிற்சியைச் சொல்லுங்கள், பிறவிப் பேற்றை விட்டுவிடுங்கள்.

'இளங்கன்று பயமறியாது' திறமையைப் பற்றிய பழமொழியே அன்று. துணிச்சலைச் சொல்கிறது, கூடவே அனுபவமின்மையையும் சொல்கிறது. மூலம் இரண்டையும் சொன்னால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரும் கலைஞர்களாக இருந்தால் 'சிப் ஆஃப் தி ஓல்ட் ப்ளாக்' என்ற தொடர் வரும். தமிழில் இதற்கு இரண்டு நல்ல பழமொழிகள் உண்டு. 'புலிக்குப் பிறந்தது பூனையாகுமா' என்றால் பெற்றோருக்கு நிகர். 'தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும்' என்றால் பெற்றோரை மிஞ்சியவர். மூலம் எதைச் சொல்கிறது என்று பார்த்து எடுங்கள். இரண்டாவது பழமொழியில் வரும் 'குட்டி' வளர்ந்த பெண்ணுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். இரண்டுமே பாதிப் பெருமையைப் பெற்றோர் பக்கம் சாய்த்துவிடுவதால், பெற்றோரைப் பற்றி மூலம் பேசாத இடத்தில் இவற்றை நுழைக்காதீர்கள்.

நட்சத்திரமும் வீடும்

'ஸ்டார்' தமிழில் திரைப்படத்தோடு ஒட்டிக்கொண்ட சொல். 'நட்சத்திரம்' என்றால் ஜாதகமும் நினைவுக்கு வரும். சினிமா, தொலைக்காட்சி, விளையாட்டு ஆகியவற்றில் 'வளரும் நட்சத்திரம்' செல்லும். கவிஞர், ஓவியர், நாடக ஆசிரியர் என்றால் நட்சத்திரத்தை விட்டுவிட்டு 'கவனம் ஈர்க்கும் புதிய ஓவியர்' என்று எழுதுங்கள். சிலர் 'விடிவெள்ளி' என்று எழுதுகிறார்கள். அது ஒரு சமூகத்துக்கே விடிவு கொண்டுவந்தவருக்குச் சொல்வது. பாட்டுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவருக்கு அது தாங்காது.

'ப்ராமிசிங்' இயந்திர மொழிபெயர்ப்பில் 'உறுதியளிக்கும்' என்று வந்துவிடும். 'நம்பிக்கைக்குரிய' என்று திருத்தினாலும் பாதிதான் சரி. 'நம்பிக்கைக்குரியவர்' என்றால் பணப்பெட்டியை ஒப்படைக்கத் தகுந்தவர் என்று பொருள். வேண்டியது 'நம்பிக்கை தரும்' அல்லது 'நம்பிக்கையூட்டும்'.

'ஒன் டு வாட்ச்' என்பதைக் 'கவனிக்கப்பட வேண்டியவர்' என்று எழுதினால் பராமரிப்பு தேவைப்படுபவரா, கண்காணிக்க வேண்டிய ஆளா என்ற ஐயம் வருகிறது. பேச்சில் ஒருவரைக் 'கவனிப்பது' இன்னும் வேறு பொருள்களைத் தரும். 'இவர் பெயரை நினைவில் வையுங்கள்' என்று வாசகரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். இயல்பான தமிழ் அது.

'ஹோம்க்ரோன்' நம் ஊரில் அடிக்கடி வரும் சொல். 'உள்ளூர்க் கலைஞர்' பெரும்பாலும் போதும். தேசிய அளவைக் காட்ட வேண்டுமானால் 'சிங்கப்பூரில் வளர்ந்த கலைஞர்'. மூலம் வளர்ந்ததை மட்டும்தான் சொல்கிறது. ஆகவே பழக்கத்தில் 'பிறந்து வளர்ந்த' என்று எழுதிவிடாதீர்கள். அவர் பத்து வயதில் சென்னையிலிருந்து வந்தவராக இருக்கலாம். 'மண்ணின் மைந்தர்' என்பதையும் தவிர்த்துவிடுங்கள். இந்த வட்டாரத்தில் அந்தத் தொடருக்கு அரசியல் நெடி உண்டு, மலேசியாவில் மலாய்க்காரர்களையும் பூர்வகுடிகளையும் குறிக்கும் 'பூமிபுத்ரா' என்ற மலாய் வழக்கை அது நினைவூட்டும்.

'ஹவுஸ்ஹோல்ட் நேம்' என்பது 'வீட்டுப் பெயர்' ஆனால், அம்மா செல்லமாகக் கூப்பிடும் பெயர் என்று பொருளாகிவிடும். தமிழக இதழ்களில் 'பட்டிதொட்டியெங்கும் அறிந்த பெயர்' என்பார்கள். அது நல்ல தொடர்தான், ஆனால் அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நம் தீவில் பட்டி எங்கே, தொட்டி எங்கே? 'எல்லார் வீட்டிலும் தெரிந்த பெயர்', 'சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் தெரியும்' என்றால் போதும். இதே போல 'நியூ கிட் ஆன் தி ப்ளாக்' என்பதில் வரும் 'ப்ளாக்' நம் அடுக்குமாடிக் கட்டடமான புளோக் அன்று. 'புதுவரவு' என்று எழுதுங்கள். திரைக்கும் மேடைக்கும் 'புதுமுகம்' இன்னும் பொருத்தம்.

ஆங்கிலமும் தமிழும் ஒத்துப்போகும் இடங்களும் இருக்கின்றன. 'டயமண்ட் இன் தி ரஃப்' என்பதற்குப் 'பட்டை தீட்டாத வைரம்' அச்சாகப் பொருந்தும். 'ஹிடன் ஜெம்' என்பதற்குக் 'குடத்திலிட்ட விளக்கு'. பள்ளியில் உவமைத்தொடர் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். இதற்கு ஒரு நீட்சியும் கிடைக்கிறது: ஒரு விழா அவரை உலகறியச் செய்தது என்று மூலம் சொன்னால், 'குடத்திலிட்ட விளக்கைக் குன்றின்மேல் ஏற்றியது' என்று ஒரே மூச்சில் முடிக்கலாம். 'டார்க் ஹார்ஸ்', 'லேட் ப்ளூமர்' இரண்டுக்கும் நிலைத்த தமிழ்த் தொடர் இல்லை. 'யாரும் எதிர்பாராத போட்டியாளர்', 'நாற்பதுக்குப் பிறகு எழுத வந்தவர்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

தலை எடுப்பதும் தலை தூக்குவதும்

'எமர்ஜ்' என்ற வினைக்குத் தமிழில் தலையை வைத்து மூன்று தொடர்கள் வரும். மூன்றும் வேறுவேறு. 'தலையெடுப்பது' நல்லது: சிரமத்திலிருந்து மீண்டு ஓர் இடத்துக்கு வருவது. 'தலைதூக்குவது' கெட்டது: வன்முறை தலைதூக்கும், டெங்கி மறுபடி தலைதூக்கும். 'புதிய கலைஞர்கள் தலைதூக்குகிறார்கள்' என்று எழுதினால் அவர்களை அடக்க வேண்டும் என்பது போல ஆகிவிடும். 'தலைகாட்டுவது' வந்துபோவது மட்டும்தான். 'கொடிகட்டிப் பறப்பது' உச்சத்தில் இருப்பவருக்கு. தொடக்கத்தில் இருப்பவருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

'டெப்யூ' என்று வந்தால் உடனே 'அரங்கேற்றம்' என்று எழுதிவிட வேண்டாம். பரதநாட்டியத்தில் அரங்கேற்றம் என்பது குருவின் ஒப்புதலோடு மாணவர் தனியாக முழு நிகழ்ச்சியை ஆடிக் காட்டுவது. குழு நடனத்தில் முதல்முறை மேடையேறியதை அப்படிச் சொன்னால் நடன ஆசிரியர்கள் வருந்துவார்கள். 'முதல் மேடை', 'முதல் நாவல்', 'அறிமுகமான படம்' என்று துறைக்கேற்ப எழுதுங்கள். 'கன்னி' என்ற அடைமொழி நாடாளுமன்றத்துக் 'கன்னிப் பேச்சு'க்குச் சரி. மற்ற இடங்களில் பழையதாகத் தெரியும்.

பிரெஞ்சிலிருந்து வரும்போது

பிரெஞ்சுக் கலைஞர்கள் பங்கேற்கும் நிகழ்ச்சிகளுக்குக் குறிப்பு பிரெஞ்சில் எழுதப்பட்டு, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வருவதுண்டு. முடிந்தால் பிரெஞ்சு மூலத்தையும் கேட்டு வாங்குங்கள். காரணம், சில பிரெஞ்சுத் தொடர்கள் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நெருக்கமானவை.

'போயெத் ஆன் எர்ப்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். நேர்ப்பொருள் 'பச்சைப் பயிராக இருக்கும் கவிஞர்'. கதிர் விடாத பசுங்கோதுமைதான் இங்கே உவமை. ஆங்கிலம் இதை 'படிங் போயட்' என்று மொட்டாக மாற்றிவிடுகிறது. நாம் அந்த மொட்டைப் பிடித்துக்கொண்டு 'மொட்டுக் கவிஞர்' என்று தடுமாறுகிறோம். பிரெஞ்சைப் பார்த்திருந்தால் 'விளையும் பயிர்' என்ற நம் சொல்லே கையில் வந்திருக்கும். சிறுவர்களுக்கான கவிதைப் பட்டறை என்றால் 'விளையும் கவிப்பயிர்கள்' என்று தலைப்பே வைக்கலாம். பெரியவர்களுக்கு என்றால் முன்பு சொன்ன தடை இங்கேயும் உண்டு. 'வளரும் கவிஞர்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

'ஃபேர் ஸே ப்ரமியேர் ஸார்ம்' என்பது முதன்முதலாக ஆயுதம் ஏந்துவது. ஒரு துறையில் முதல் அனுபவம் பெறுவதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இது 'கட் ஒன்ஸ் டீத்' என்று பல் முளைப்பதாகிவிடுகிறது. தமிழில் நமக்குப் போர்க்களமே இருக்கிறது: 'களமிறங்கினார்', 'முதல் களம் கண்டார்'. ஆனால் 'களமிறங்கினார்' என்பது தேர்தல் செய்தியிலும் அதிகம் புழங்குவதால், மென்மையான கலைக்கு 'பழகினார்', 'கற்றுத் தேர்ந்தார்' நல்லது.

'க்ரேன் த ஷாம்பியோன்' என்றால் வருங்கால வெற்றியாளருக்கான விதை. தமிழில் 'விதை' ஆளைக் குறிக்காது, செயலின் தொடக்கத்தைத்தான் குறிக்கும். ஆகவே விதையை விட்டு 'வருங்கால வெற்றியாளர்' என்று எழுதுங்கள். 'ஜேன் பூஸ்' என்பது இன்னொரு வகைப் பொறி. நேர்ப்பொருள் இளந்தளிர், ஆனால் இன்றைய பிரெஞ்சில் அது தொடக்க நிறுவனத்தைக் குறிக்கும் சொல். வணிகச் செய்தியில் அதைப் பார்த்துக் குழந்தைகளைப் பற்றியது என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு பத்தியைச் செப்பனிடுதல்

சொல்லுக்குச் சொல் பெயர்த்த வரைவு ஒன்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

'வீட்டில் வளர்ந்த எழும் நட்சத்திரமான இவர், தன் பற்களைச் சமூக மன்ற மேடைகளில் வெட்டி, ஒரே இரவில் ஒரு வீட்டுப் பெயராக மாறி, இன்று கவனிக்கப்பட வேண்டிய ஒருவராக இருக்கிறார்.'

ஆங்கிலம் ஒரே வாக்கியத்தில் பல மரபுத்தொடர்களை அடுக்கும். தமிழில் ஒரு பத்திக்கு ஓர் உவமை போதும், அதற்கு மேல் போனால் வாழ்த்து மடல் போல ஆகிவிடும். எந்தத் தகவல் முக்கியம் என்று பிரித்துப் பாருங்கள்: சிங்கப்பூரில் வளர்ந்தவர், சமூக மன்றங்களில் தொடங்கியவர், திடீரென்று புகழடைந்தவர், இனி என்ன செய்வார் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. 'ஒரே இரவில்' என்பதில் உண்மையில் என்ன நடந்தது என்று ஏற்பாட்டாளரைக் கேளுங்கள். ஒரு பாடல்தான் காரணம் என்று அவர் சொன்னால் அதையே எழுதலாம்:

'சிங்கப்பூரில் வளர்ந்த பாடகர் இவர். சமூக மன்ற மேடைகளில் பாடிப் பழகினார். ஒரே பாடல் இவரை எல்லார் வீட்டிலும் தெரிந்த பெயராக்கியது. அடுத்து என்ன பாடப்போகிறார் என்று ரசிகர்கள் காத்திருக்கிறார்கள்.'

நட்சத்திரம் போய்விட்டது, பல்லும் போய்விட்டது, தகவல் ஒன்றுகூடக் குறையவில்லை. ஏற்பாட்டாளர் 'எங்கள் ஸ்டார் எங்கே' என்று கேட்டால், தலைப்பில் 'வளரும் நட்சத்திரம்' என்று ஓர் இடம் கொடுங்கள். பத்திக்குள் வேண்டாம்.

மேற்கோள்களுக்கு வேறு அளவுகோல். நடுவர் மேடையில் 'ஷி கில்ட் இட்' என்று சொன்னதை எழுத்துத் தமிழில் 'சிறப்பாகச் செய்தார்' என்று எழுதினால் அந்தக் கணத்தின் சூடு போய்விடும். 'அசத்திவிட்டார்' எங்கும் செல்லும். 'வெளுத்து வாங்கிவிட்டார்' கலகலப்பான நிகழ்ச்சிக்கு மட்டும். மேடையேறிய மாணவர் பன்னிரண்டு வயதாக இருந்தாலும் செய்தியில் 'பாடினார்', 'ஆடினார்' என்றே மரியாதை கொடுங்கள். தாயின் மேற்கோளுக்குள் மட்டும் 'என் மகள் பாடினாள்' இருக்கட்டும்.

அச்சுக்குப் போகும் முன்

வரைவை முடித்ததும் ஆங்கிலத்தை மூடிவைத்து, தமிழை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்கிறதோ அங்கே ஆங்கில வாக்கியம் அடியில் கிடக்கிறது. பிறகு மூலத்தைப் பார்க்காத இருவரிடம் கொடுங்கள். ஒருவர் அறுபதைத் தாண்டியவராகவும் மற்றவர் உயர்நிலைப்பள்ளி மாணவராகவும் இருந்தால் நல்லது. முதலாமவர் வசைப் பொருளைக் கண்டுபிடிப்பார், இரண்டாமவர் புரியாத பழமொழியைக் காட்டிக்கொடுப்பார். 'இந்தக் கலைஞரைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள்' என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை முதலில் ஓரத்தில் எழுதிய மூன்று குறிப்புகளோடு ஒப்பிடுங்கள்.

சுவரொட்டி என்றால் ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய பெட்டியைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேளுங்கள். இடமில்லை என்று வடிவமைப்பாளர் எழுத்தைச் சுருக்கினால் புள்ளிகள் மறைந்து 'ர்' என்பது 'ர' ஆகிவிடும். அடோபி இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பத்தி அமைப்பு, தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசரில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தட்டச்சு செய்த கோப்பை நம்பாதீர்கள், அச்சகத்துக்குப் போகும் இறுதி பிடிஎஃப்பைத் திறந்து 'மேடை', 'தொடக்கம்', 'கலைஞர்' என்ற மூன்று சொற்களையும் தேடிப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் கொம்பு, கால், புள்ளி, ஐகாரம் நான்கும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.